வீட்டுக்காரர் இல்லாத வீடு

தமிழில் 'வீட்டுக்காரர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். வாடகை வாங்குகிறவரும் வீட்டுக்காரர், தாலி கட்டியவரும் வீட்டுக்காரர். சிவகாசிப் பக்கம் ஒரு பெண் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், முதலாமவர் கேட்கும் முதல் கேள்வி இரண்டாமவரைப் பற்றியது. "வீட்டுக்காரர் என்ன வேலை பாக்குறாக?" வாடகை எவ்வளவு, ஒத்தியா வாடகையா, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை, கரண்டுக்குத் தனி மீட்டர் உண்டா என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகு. அந்த முதல் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் பிறகு பேச்சே கிடையாது.

ஒரே சொல் இரண்டு வேலை பார்ப்பதைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. கணவன் இருக்கிற பெண்ணிடம் வீட்டு உரிமையாளர் வாடகையை மட்டும் வாங்கிக்கொள்கிறார். கணவன் இல்லாத பெண்ணிடம் அவரே பாதிக் கணவனாகிவிடுகிறார். எத்தனை மணிக்குக் கதவைச் சாத்தினாள், யார் வந்தார்கள், வந்தவரின் செருப்பு எவ்வளவு நேரம் வாசலில் கிடந்தது, லீவு விட்டும் ஏன் ஊருக்குப் போகவில்லை என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைக்கிறார். ஒன்றாம் தேதி தவறாமல் வாடகை கொடுத்தாலும் இந்தக் கணக்கு தீராது. ஆண்களுக்கு வாடகை வீடு என்பது பணம் கொடுத்து இடம் வாங்கும் ஏற்பாடு. பெண்ணுக்கு அது அவளுடைய பொறுப்பு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் ஏற்பாடு. இதைச் சமூகப் பழக்கம், மெல்ல மாறும் என்று விட்டுவிடுகிறோம். இது பழக்கம் அல்ல, பாகுபாடு. சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய பாகுபாடு.

யாருக்கெல்லாம் வீடு இல்லை என்று எண்ணிப் பாருங்கள். கல்யாணமாகாதவள். கல்யாணம் வேண்டாம் என்றவள். விவாகரத்து ஆனவள். விவாகரத்து ஆகாமல் விலகி வந்தவள். கணவன் வெளிநாட்டில் இருக்கிறவள்கூட ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவன் வந்து முகம் காட்டினால்தான் நிம்மதியாகக் குடியிருக்கலாம். சாதி மாறிக் கல்யாணம் செய்தவளுக்குக் கணவன் இருந்தும் பயனில்லை; அவர்கள் இருவரிடமும் தனித்தனியாக ஊர் கேட்கப்படும். முஸ்லிம் பெண்ணுக்கு, பெயரைச் சொன்னதுமே வீடு நேற்றே போய்விட்டிருக்கும். திருநங்கைக்கு வாசற்படியோடு சரி. இவர்களையெல்லாம் கழித்தபின் மிஞ்சுவது ஒரே சாதியில் மணமுடித்து, கணவனோடு, அளவான பிள்ளைகளோடு வருகிற பெண். டு-லெட் பலகையில் 'குடும்பத்துக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறதே, அந்தக் குடும்பம் இதுதான். தாயும் மகளுமாக வருகிற இருவரை அந்தப் பலகை குடும்பமாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

நான் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். ஆலங்குளம், ராஜபாளையம், சிவகாசி என்று மூன்று ஊரிலும் வீடு தேடியவள். இங்கே ஆலங்குளம் என்றால் அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். தென்காசிப் பக்கத்து ஊர் அல்ல. ஒரு வீட்டில் எல்லாம் கூடி வந்து, ஒப்பந்தம் எழுதும்போது உரிமையாளர் சொன்னார்: "அண்ணன் பேருல எழுதிருவோம் டீச்சர்." எனக்கு அண்ணன் இல்லை என்றேன். "தம்பி?" தம்பி இருக்கிறான். நான் சம்பாதித்துப் படிக்கவைத்த தம்பி. "அப்ப தம்பி பேருல எழுதிருவோம்." வாடகை என் வங்கிக் கணக்கிலிருந்து போகும், கையெழுத்து மட்டும் அவனுடையதாம். அவர் கெட்ட மனிதர் அல்ல. ஒரு பெண் தானாகவே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு ஒரு வீட்டுக்குள் வருவது என்பதை அவரால் கற்பனை செய்ய முடியவில்லை, அவ்வளவுதான். நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். வாடகை ஒப்பந்தம்தான் முகவரிச் சான்று. ஆதாரில் முகவரி மாற்ற, வங்கிக் கணக்குத் தொடங்க, பாஸ்போர்ட் எடுக்க, கேஸ் இணைப்பு வாங்க அந்தத் தாள் வேண்டும். அது தம்பி பெயரில் இருந்தால், நான் வாடகை கொடுக்கும் வீட்டில் சட்டத்தின் பார்வையில் நான் விருந்தாளி. நாளை உரிமையாளர் சாமானைத் தூக்கி வெளியே வைத்தாலும் வழக்குப் போடும் உரிமை தம்பிக்குத்தான். என் மாணவிகள் பலர் வேலை கிடைத்து ஓசூருக்கும் கோயம்புத்தூருக்கும் போகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லி அனுப்பும் முதல் விஷயம் இதுதான்: சம்பளச் சீட்டு எப்படி உங்கள் பெயரில் இருக்கிறதோ, அப்படியே வீட்டு ஒப்பந்தமும் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

இனி 'அமைதி'க்கு வருவோம். வீடு மறுக்கும்போது யாரும் "நீ பெண், அதனால் இல்லை" என்று சொல்வதில்லை. "இது அமைதியான ஏரியாம்மா" என்கிறார்கள். இந்த அமைதி என்ன அமைதி? நாட்டுக்கே வெடி செய்து அனுப்பும் பூமி இது. கோயில் கொடை வந்தால் பத்து நாளைக்குக் குழாய் ரேடியோ அலறும். கல்யாண வீட்டுக்கு, காதுகுத்துக்கு, கட்சிக்காரர் வருகைக்கு, சாவுக்குக்கூட வெடி. இதில் எதுவும் தெருவின் அமைதியைக் குலைப்பதில்லை. இரவு பத்து மணிக்கு ஒரு பெண் தன் சாவியைப் போட்டுக் கேட்டைத் திறந்தால் அமைதி குலைந்துவிடுகிறது. அப்படியென்றால் அவர்கள் அமைதி என்று சொல்வது சத்தமில்லாமல் இருப்பதை அல்ல. தெருவில் இருக்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு ஆண் பொறுப்பாளி இருக்கிறான் என்ற நிம்மதியைத்தான் அமைதி என்கிறார்கள். ஒழுங்கு என்று சொல்லியிருந்தால் நாம் சண்டை போட்டிருப்போம் என்பதால் அமைதி என்று மாற்றிச் சொல்கிறார்கள்.

அந்த அமைதியான தெருக்களின் மாடிவீடுகள் எந்தப் பணத்தில் எழும்பின என்பதையும் பார்க்க வேண்டும். பட்டாசு, தீப்பெட்டி, அச்சு என்ற மூன்று தொழிலில் வளர்ந்த ஊர் சிவகாசி. பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டிக் கம்பெனியிலும் பெண்களின் கைதான் அதிகம். விடிகாலையில் ஊர் ஊராக வந்து நிற்கும் கம்பெனி வண்டிகளில் ஏறிப் போகிறவர்கள் அவர்கள். எண்ணிக்கைக்குக் கூலி. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்தபின், திரி கிள்ளி சரம் பின்னிய கைகளுக்கு வேலை குறைந்தது. வேலை நாள் குறைந்தாலும் வாடகை குறையாது. இந்த மாவட்டத்தில் வெடிவிபத்து வருஷம் தவறாமல் வரும் செய்தி. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியை யாரும் மறந்திருக்க முடியாது. விபத்தில் கணவன் செத்துப்போனால் நிவாரணத்துக்கு ஒரு வழி இருக்கிறது, எழுதிக்கொடுக்க மனு இருக்கிறது. ஆனால் மறுமாதமே அவள் 'வீட்டுக்காரர் இல்லாத' பெண். குடியிருந்த வீட்டிலேயே அவளைப் பார்க்கிற பார்வை மாறிவிடும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறு தெருவுக்குப் போகவும் முடியாது. அங்கேயும் அந்த முதல் கேள்விதான். இங்கே வெடிமருந்துக்கு விதி உண்டு. ஒரு அறையில் எத்தனை பேர் இருக்கலாம், ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் எவ்வளவு தூரம் விட வேண்டும் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். அந்த அறையில் வேலை பார்த்தவள் சாயங்காலம் போய்ப் படுக்க ஒரு அறை கேட்டால், அதற்கு மட்டும் விதி கிடையாது.

இரண்டாவது கேள்வி சாதி. அதை யாரும் சாதி என்ற சொல்லால் கேட்பதில்லை. "சொந்த ஊர் எது? அங்க எந்தத் தெரு? யாரு வீட்டுப் பக்கம்?" மூன்று கேள்வியில் முடிந்துவிடும். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்போவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்லது. ஆனால் சொல்லை நீக்கிய பிறகும் கேள்வி நீங்கவில்லை. வேறு சொல்லில் வருகிறது. "சுத்தபத்தமா இருப்பீகளா?", "கறி சமைப்பீகளா?" என்று வருகிறது. இந்தக் கேள்விகள் பெண்ணிடம்தான் கேட்கப்படுகின்றன, கவனித்திருக்கிறீர்களா? அடுப்பு அவளுடையது, வாசல் தெளிப்பது அவள், மாதவிலக்கு அவளுடையது. சாதியின் சுத்தத்தைக் காவல் காக்கும் வேலையை அவள் தலையில் கட்டியிருப்பதால், தேர்வும் அவளுக்குத்தான். தலித் பெண் வாடகைக்கு வந்தால் இரண்டு பரீட்சையையும் ஒரே நாளில் எழுத வேண்டும்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது? சட்டம் இல்லாமல் இல்லை. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரில் ஒருவர் ஒரு பகுதியில் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தடுத்தால் குற்றம் என்கிறது. எழுபது வருஷமாக இருக்கிற சட்டம். அதனால்தான் காரணத்தை யாரும் வாயால் சொல்வதில்லை. "சொந்தக்காரங்க வர்றாகம்மா", "பெயிண்ட் அடிக்கணும்", "மகன் வேணாங்குறான்". சொன்ன காரணத்தைத்தான் சட்டம் பிடிக்கும்; சொல்லாத காரணம் தப்பித்துவிடும். அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை எல்லாவற்றிலும் பாலினத்தின் பேராலும் சாதி மதத்தின் பேராலும் தடுக்கக்கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் வாடகை வீடு இல்லை. 2005-இல், பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்தால் குற்றம் என்று நமக்குத் தெரியும். ஒரு தெருவையே ஒற்றைச் சாதிக்கு வைத்துக்கொண்டால், அதற்குப் பெயர் சொத்துரிமை.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017-இல் நில உரிமையாளர்கள், குடியிருப்போர் உரிமைகள் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. உரிமையாளர் வீட்டுக்குள் வருவதென்றால் 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக்கூடாது. படித்துப் பார்த்தால் நல்ல சட்டம்தான். ஆனால் இவ்வளவும் வீட்டுக்குள் நுழைந்தவளுக்கு. வாசலில் நிற்கிறவளைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது. யாருக்கு வீட்டை மறுக்கலாம், எதற்காக மறுக்கக்கூடாது என்பது அந்தச் சட்டத்தின் கவலையே அல்ல. அந்த 24 மணி நேர விதியும் தெருவில் யாருக்குத் தெரியும்? பெண் எழுத வேண்டுமானால் ஆண்டுக்கு 500 பவுண்டு பணமும் பூட்டக்கூடிய ஓர் அறையும் வேண்டும் என்று வெர்ஜீனியா வுல்ஃப் 1929-இல் எழுதியதை வகுப்பில் நடத்துகிறோம். இங்கே பணம் வந்துவிட்டது, நாமே சம்பாதிக்கிறோம். பூட்டும் வந்துவிட்டது. மாற்றுச் சாவி வீட்டுக்காரரிடம் இருக்கிறது.

இன்னொரு சட்டத்தைப் பாருங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவில், அடிபட்ட பெண்ணுக்கு அதே தரத்தில் வேறொரு தங்குமிடம் ஏற்பாடு செய்யவோ, அதற்கான வாடகையைக் கொடுக்கவோ கணவனுக்கு மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். கோர்ட் வாடகை வாங்கித் தரும். அந்த வாடகையை வாங்கிக்கொள்ளும் வீட்டை யார் தருவார்கள்? உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தால், "வீட்டுக்காரர் எங்க?" என்று கேட்பார்கள். "அவனிடமிருந்து தப்பித்துத்தான் வந்தேன்" என்று சொன்ன நிமிஷத்தில் கதவு சாத்தப்படும். கணவன் வீட்டை விட்டு ஏன் வெளியே வரவில்லை என்று அடிபடுகிற பெண்களைப் பார்த்துக் கேட்கிறோமே, அந்தக் கேள்வியை இந்தத் தெருக்களைப் பார்த்துக் கேட்க வேண்டும். பல பெண்கள் அடியை வாங்கிக்கொண்டு கிடப்பது அன்பினாலோ பயத்தினாலோ மட்டுமல்ல. வெளியே வந்தால் குடியிருக்க வீடு கிடைக்காது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பீர்கள். நெதர்லாந்தைச் சொல்கிறேன். மரங்கள் வரிசையாக நிற்கும், சைக்கிள் மணி தவிர வேறு சத்தம் கேட்காத குடியிருப்புத் தெருக்களுக்குப் பேர்போன நாடு. அங்கே 2023 ஜூலை 1 முதல் 'நல்ல வாடகை நடத்தை'க்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. வீட்டை வாடகைக்கு விடுகிறவர் எந்த அளவுகோலில் ஆளைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். மறுக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். முன்பணம் இரண்டு மாத வாடகையைத் தாண்டக்கூடாது. புகார் செய்ய நகராட்சியில் ஓர் இடம் வேண்டும்; மீறினால் அபராதம். இதைச் சொர்க்கம் என்று சொல்வதற்காகக் குறிப்பிடவில்லை. அங்கே பாகுபாடு இருப்பதால்தான் அந்தச் சட்டமே வந்தது. மறுப்புக்குக் காரணம் சொல் என்று கட்டாயப்படுத்தினால்தான் சொல்லாத காரணம் வெளியே வரும் என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள். நான் எடுத்துக்கொள்வது அதை மட்டும்தான்.

அதே நாட்டின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2006-இல் வந்த ஒரு சட்டம், ராட்டர்டாம் நகரின் சில பகுதிகளில், அந்த வட்டாரத்தில் ஆறு வருஷம் குடியிருந்திராதவர்களுக்கு வேலை வருமானம் இல்லையென்றால் குடியேற அனுமதி இல்லை என்றது. நோக்கம் என்ன? அந்தப் பகுதிகளை வாழத் தகுந்ததாக, அமைதியானதாக ஆக்குவது. இரண்டு சிறு குழந்தைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டு, உதவித்தொகையில் வாழ்ந்த ஒரு பெண், தான் இருந்த அதே பகுதியிலேயே வேறு வீட்டுக்கு மாற 2007-இல் அனுமதி கேட்டார். மறுத்துவிட்டார்கள். வழக்கு ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போனது. 2017 நவம்பரில் 12 நீதிபதிகள் மறுப்பு சரி என்றார்கள், 5 பேர் தவறு என்றார்கள். பல்லாயிரம் மைல் தள்ளி, வேறு மொழி, வேறு சட்டம். ஆனால் தெருவை அமைதியாக்க வேண்டும் என்றதும் யார் வெளியே நிற்கிறார்கள் பாருங்கள்: ஆண் துணையில்லாமல் பிள்ளை வளர்க்கிற ஏழைப் பெண். நம் ஊரில் தெருவே செய்கிற வேலையை அங்கே நகராட்சி செய்தது.

"என் வீடு, யாருக்குக் கொடுப்பது என்பது என் இஷ்டம்" என்கிறவர்களுக்கு நேராகவே பதில் சொல்லலாம். உங்கள் வீட்டு அடுப்படியைப் பகிர்ந்துகொள்ள, நீங்கள் குடியிருக்கும் வீட்டின் உள் அறையில் ஆள் வைக்க நீங்கள் யோசிப்பது வேறு விஷயம். அமெரிக்காவில் 1968-இல் வீட்டுவசதிப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தபோதே, உரிமையாளர் தானும் குடியிருக்கும் சிறு கட்டடங்களுக்குப் பெரும்பாலும் விலக்குக் கொடுத்தார்கள். அதே சட்டத்தில் பாலினப் பாகுபாட்டையும் 1974-இல் சேர்த்தார்கள். அதனால் யாருடைய சொத்தும் பறிபோகவில்லை. தனி வாசல் வைத்து, டு-லெட் பலகை தொங்கவிட்டு, மாதாமாதம் பணம் வாங்கினால் அது வியாபாரம். காசு கொடுத்தால் சாப்பாடு போடுகிற ஹோட்டல்காரருக்கு "உனக்கு இல்லை" என்று சொல்லும் உரிமை இல்லை. காசு வாங்கிக்கொண்டு கூரை கொடுக்கிறவருக்கு மட்டும் ஏன் இருக்க வேண்டும்?

உரிமையாளர்கள் எல்லோரும் பெரிய மனிதர்கள் அல்ல என்பதும் எனக்குத் தெரியும். சீட்டுப் பிடித்து, நகையை அடகு வைத்து, மாடியில் இரண்டு அறை எடுத்து, அந்த வாடகையில் சாப்பிடுகிற விதவை அம்மாக்கள் இந்தப் பக்கம் நிறைய. அவர்களில் பலருக்கு நம்மை மறுக்க விருப்பம் கிடையாது. "எனக்கு ஒண்ணுமில்லம்மா, தெருவுல நாலு பேரு நாலு விதமா பேசுவாக" என்கிறார்கள். அவரும் வீட்டுக்காரர் இல்லாத வீட்டில்தான் இருக்கிறார். அதே தெரு அவரையும் அளந்துகொண்டுதான் இருக்கிறது. நான் கேட்கும் சட்டம் அவருக்கு எதிரானது அல்ல. தெரு கேள்வி கேட்டால், "மறுத்தா கேஸ் ஆயிரும்னு சட்டம் இருக்கு, நான் என்ன பண்ண?" என்று சொல்ல அவர் கையில் ஒரு பதில் வந்து சேரும். நல்லவர்கள் நல்லவர்களாக நடந்துகொள்ளவும் சில சமயம் சட்டத்தின் துணை வேண்டியிருக்கிறது.

யார் யாருக்குப் பக்கத்தில் குடியிருப்பது என்பதில் அரசு தலையிட முடியாது என்றும் சொல்ல முடியாது. தலையிட்டிருக்கிறது. தென்மாவட்டங்கள் சாதிக் கலவரத்தில் எரிந்த 1990-களின் இறுதியில்தான் பெரியார் நினைவு சமத்துவபுரம் வந்தது. முதலாவது 1998-இல், மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில். நூறு வீடு; 40 தலித்துகளுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. குறைகள் ஆயிரம் சொல்லலாம். ஆனால் அடுத்த வீட்டில் யார் என்பதைச் சாதி முடிவு செய்ய விடமாட்டேன் என்று ஒரு அரசு சொன்னது. ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக் குடியிருப்பு மாதிரியான அரசுக் குடியிருப்புகளில் வீடு பதவியைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. அங்கே பக்கத்து வீட்டுக்காரரைத் தெருவா தேர்ந்தெடுக்கிறது? பணிபுரியும் பெண்களுக்கு அரசின் 'தோழி' விடுதிகள் வந்திருக்கின்றன. வரவேற்கிறேன். ஆனால் விடுதி வேறு, வீடு வேறு. அம்மாவைக் கூட்டி வந்து வைத்துக்கொள்ள, புத்தகங்களை அடுக்க, தோழி வந்தால் தங்கவைக்க வீடுதான் வேண்டும். நாற்பது வயதில் ஒரு பெண் கட்டில் கணக்கில் வாழ வேண்டியதில்லை. பெண் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. அதுவும் நல்லதுதான். வாங்க முடிந்தவளுக்கு அது சலுகை. வாடகைக்கு நிற்கிறவளுக்கு என்ன இருக்கிறது?

நான் கேட்பது புதிதாக எழுத வேண்டிய வாசகம்கூட அல்ல. 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், ஒரு சொத்தில் வசிக்கவோ வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ உள்ள உரிமையைத் திருநருக்கு மறுக்கக்கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்காக 2017-இல் வந்த சட்டமும் அதையே சொல்கிறது. ஆக, வாடகைக்கு மறுப்பது பாகுபாடு என்பது இந்த நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அந்த வரியைத் தமிழ்நாட்டின் வாடகைச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும்: பாலினம், மண நிலை, சாதி, மதம், உணவு இவற்றின் பேரில் வீடு மறுக்கக்கூடாது. மறுத்தால் எழுத்தில் காரணம் கொடுக்க வேண்டும். குடியிருக்கப்போகிற பெண்ணின் பெயரில்தான் ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும்; வேறொரு ஆணின் கையெழுத்தை நிபந்தனையாகக் கேட்கக்கூடாது. புகாரை வாங்க வாடகை அதிகாரிக்கு அதிகாரம் வேண்டும். குடும்ப வன்முறை வழக்கில் வாடகை உத்தரவு போடும் நீதிமன்றம், அந்தப் பெண்ணுக்கு வீடு கிடைத்ததா என்று பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். திருநருக்குச் சட்டம் வந்தபின் கதவுகள் திறந்துவிட்டனவா என்று நீங்கள் கேட்கலாம். திறக்கவில்லை. புகாரை வாங்கவும் அபராதம் விதிக்கவும் பக்கத்தில் ஒரு அதிகாரி இல்லாத சட்டம் காகிதமாகவே இருக்கும். அதனால்தான் அதிகாரியையும் சேர்த்துக் கேட்கிறேன்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இதைப் படிக்கிறவர்களில் வீடு உள்ளவர்களும் இருப்பீர்கள். மாடிப் போர்ஷன் காலியானால் "வீட்டுக்காரர் என்ன பண்றாக?" என்ற கேள்வியை உங்கள் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். வாடகை கட்ட முடியுமா என்பதைக் கேளுங்கள், அது நியாயமான கேள்வி. கணவரோ அப்பாவோ அந்தக் கேள்வியைக் கேட்டால், "அது நமக்கெதுக்கு?" என்று குறுக்கே பேசுங்கள். வாடகைக்குப் போகிறவர்கள், இல்லாத கணவனைத் துபாயில் வைக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். தலைக்கு மேல் கூரை வேண்டும் என்றால் பெண்கள் பொய் சொல்லத்தான் செய்வார்கள். அந்தப் பொய்யின் பழி அதைக் கேட்டு வாங்குகிற தெருவையே சேரும்.

இல்லத்தை ஆள்பவளை 'இல்லாள்' என்கிறது தமிழ். அதற்கு ஆண்பால் தேடினால் 'இல்லான்'. ஒன்றுமில்லாதவன் என்று பொருள். இல்லத்தின் பேரால் பெண்ணுக்கு மட்டும் பெயர் வைத்த மொழி இது. 'விடு' என்ற வினையிலிருந்து 'வீடு' என்ற சொல்லைச் செய்து, விடுதலைக்கும் அதையே பெயராக வைத்த மொழியும் இதுதான். பேரில் இத்தனை இருந்தும், கையில் முன்பணத்தோடு ஒரு பெண் போய் நின்றால், அவள் பின்னால் யாராவது வருகிறார்களா என்று அவள் தோளைத் தாண்டி எட்டிப் பார்க்கிறார்கள். பின்னால் யாரும் வரவில்லை. வாடகை கொடுக்கப்போகிறவள் முன்னால்தான் நிற்கிறாள். அவளிடம் பேசுங்கள்.